அடிபம்பின் சாவி

இந்தக் கூஜாத் தண்ணீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சிறையில் இப்படிப்பட்ட தண்ணீர் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேட்டு நீர்த்தேக்கத்திலிருந்து குழாயில் வருகிறது என்று வார்டர் சொன்னார். மூன்று நாளாகக் குடிக்கிறேன். வாடையே இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். என் வாக்குமூலத்தை உங்கள் குமாஸ்தா நிதானமாக எழுதட்டும்.

என் பெயர் ஏமஸ் ரிக்பி. ஹார்க்ஸ்டன் நகரசபையின் அடிபம்புக் காவலன். அதற்கு முன் பதினெட்டு வருஷம் பஞ்சாலையில் தறி ஓட்டினேன். என் பக்கத்துத் தறியில் நின்றவன் ஜேபெஸ் கிரிம்ஷா. தறிச் சத்தத்தில் குரல் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் எல்லாரும் பேசிக்கொள்வோம். அப்படி ஒருவன் முகத்தையே பார்த்துப் பல வருஷம் நின்றால், அவன் பொய் சொல்லும்போது தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

ஜேபெஸ் தறியை விட்டு மளிகைக் கடை வைத்தான். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் கில்ன்பேங்க் வார்டில் கவுன்சிலுக்கு நின்றான். ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தான், ஸ்கின்னர் சந்துக்குக் குழாய்த் தண்ணீர். எங்கள் சந்தில் அறுபத்திரண்டு வீடு, ஒரே ஓர் அடிபம்பு. அதிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிக் கழிவுக்குழி.

அந்தத் தேர்தலில் அவனுக்காக நான் கூண்டு நடத்தினேன். உங்களுக்குக் கூண்டு தெரிந்திருக்கும். வாக்காளர்களைத் தேர்தலுக்கு முன்பே ஒரு மாடியில் அடைத்து, இறைச்சியும் குடியும் கொடுத்து வைத்துக்கொள்வது. எதிராளியின் ஆட்கள் என்றால் வாக்கெடுப்பு முடியும் நாலு மணி வரை கதவு திறக்காது. நம் ஆட்கள் என்றால், மற்றவன் தூக்கிக்கொண்டு போகாமல் காத்து, வாக்குச்சாவடிக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். எல்லாக் கட்சியும் செய்வதுதான். அடைபட்டவர்கள் அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்டபடிதான் வீட்டுக்குப் போவார்கள். ஜேபெஸ் ஒன்பது வாக்கில் ஜெயித்தான். என்னைத் தோளில் தூக்கி ஆடினான்.

முதல் வருஷம் கவுன்சிலில் குழாய் பற்றிப் பேசினான். அடுத்த வருஷம் குறைத்துக்கொண்டான். அதற்கடுத்து ஒரு தீர்மானம் வந்தது. ஸ்கின்னர் சந்துத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அறிக்கை வந்திருக்கிறது, ஆகவே குழாய் தேவையில்லை, வரி ஏறாது. கொண்டு வந்தவன் ஜேபெஸ். அது ஜூன் மாதம். ஆகஸ்டில் என் மகள் எஸ்தர் காலராவில் போனாள். வயது ஐந்து. காலையில் வாந்தி, மாலையில் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து அவன் கடைக்குப் போனேன்.

"ஏமஸு, பாப்பா போனது எனக்கும் தாங்கலடா. ஆனா இது காத்துல வர்ற சீக்கு. தண்ணியில ஒண்ணுமில்ல."

சொல்லும்போது வாயைக் கையால் துடைத்துக்கொண்டான். தறியில் நின்றவன் எவனும் பேசும்போது வாயை மறைக்க மாட்டான்.

"குழாய்னு சொல்லித்தானடா ஓட்டு வாங்கின?"

"வரிய ஏத்திட்டு நான் எவன்கிட்டப் போயி ஓட்டுக் கேக்குறது? நீயே சொல்லு. பொறுடா, அடுத்த தடவ பாக்கலாம்."

அவன் கொடுத்த தேயிலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபரில் சந்தில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். அடுத்து வந்த தேர்தலில் ஜேபெஸை எதிர்த்து நின்ற டாக்டர் லோமக்ஸ் மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கி அடிபம்புக்குச் சங்கிலி போட்டார். சாவி என்னிடம் வந்தது. தண்ணீருக்கு ஆற்றங்கரை ஆலை வரை நடக்க வேண்டியிருந்தது. ஜேபெஸ் கூட்டம் போட்டான். "இது நோய்க்குப் போட்ட பூட்டு இல்லய்யா, எனக்குப் போட்ட பூட்டு. ஜெயிச்ச மறுநாளே தொறந்து விடுறேன். வரியும் ஒரு காசு ஏறாது." சந்து ஆண்கள் கை தட்டினார்கள். நான் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிக் ஓக்டனும் தட்டினான். எஸ்தரின் சவப்பெட்டியை ஒரு முனையில் தூக்கியவன் அவன்.

இந்த முறையும் ஜேபெஸ் என்னிடம்தான் வந்தான். "பதினாலு பேரு ஊசலாடுறானுங்க. லோமக்ஸ் ஆளுங்க அமுக்கிருவானுங்க. கூண்டுல போட்டுப் பாத்துக்கடா. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" சரி என்றேன்.

கறுப்புக் குதிரை மதுக்கடையில் மால்ட் தானியம் வைக்கும் மாடியில் பதினாலு பேரையும் திங்கட்கிழமை மதியம் அடைத்தேன். வியாழன் வாக்கெடுப்பு. பன்றி இறைச்சி, ரொட்டி, வெங்காயம், ஜின். டிக் வைக்கோலில் சாய்ந்து காலை நீட்டினான்.

"கறி இருக்கு, ஜின் இருக்கு, பொண்டாட்டி தொல்ல இல்ல. பாதிரியார் சொல்ற சொர்க்கம் இதானோ ஏமஸு?"

"சொர்க்கத்துல ஜின்ல தண்ணி கலக்க மாட்டாங்கடா," என்றான் இன்னொருவன்.

தண்ணீர் கலந்தவன் நான். அடிபம்பின் சங்கிலியைத் திறந்து இரண்டு வாளி அடித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒளித்து எடுத்துவரவில்லை. பட்டப்பகல். நான் காவலன், யாரும் கேட்கவில்லை. கவுன்சில் நல்லது என்று சொன்ன தண்ணீர், அவர்கள் கை தட்டி ஏற்றுக்கொண்ட தண்ணீர். வேறெதையும் நான் அதில் போடவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் வீட்டில் கொதிக்கவைத்துக் கொண்டுவந்த தேநீரை மட்டும் குடித்தேன்.

அன்று சாயங்காலம் ஜேபெஸ் வந்தான். எல்லார் தோளிலும் தட்டினான். நான் கோப்பையில் ஜின் ஊற்றி வாளியை எடுத்தேன். அவன் வாளியைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"எனக்குத் தண்ணி வேணாம்டா. அப்படியே குடு."

வாயை மறைத்துக்கொண்டுதான் சொன்னான். அவன் ஒரு வாய் குடித்திருந்தால் அந்த வாளியை முற்றத்தில் கொட்டியிருப்பேன். பல முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், கொட்டியிருப்பேன். ஆனால் அதற்குள் பாதி வாளி தீர்ந்திருந்தது.

புதன்கிழமை காலை மூன்று பேர் நோயில் படுத்தார்கள். மதியத்துக்குள் ஏழு. கதவை இடித்தார்கள். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜேபெஸின் வாக்காளர்களை வியாழன் நாலு மணி வரை அடைத்து வைப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆரம்பித்ததைப் பாதியில் விட முடியாது. டிக்கின் மனைவி மார்த்தா வந்தாள்.

"ஏமஸ் அண்ணே, உள்ள முனகல் கேக்குது. கதவத் தொறங்க, அவர ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"குடிச்சது ஒத்துக்கலம்மா. போ, நாளைக்கி அனுப்பிருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் போய்விட்டாள். மாடிக் கதவில் ஒரு சிறிய கண்ணாடி உண்டு. டிக் அதன் பின்னால் வந்து நின்றான். அவனுக்குக் குரல் போயிருந்தது, ஆனால் அவனும் பழைய தறிக்காரன்தான். உதடு மட்டும் அசைந்தது. 'தண்ணி' என்றான். எனக்கு நன்றாகப் புரிந்தது. கதவைக் கொஞ்சம் திறந்து ஒரு குவளை கொடுத்தேன். இரண்டாவது வாளியிலிருந்துதான் மொண்டேன். அவன் நன்றி சொன்னான். அதையும் உதட்டில் படித்தேன்.

வியாழன் நாலு மணிக்குச் சாவடி மணி அடித்ததும் கதவை முழுசாகத் திறந்தேன். உள்ளே நான்கு பேர் இறந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்பது. டிக் வெள்ளிக்கிழமை போனான். மார்த்தா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

ஜேபெஸ் ஆறு வாக்கில் தோற்றான். டாக்டர் லோமக்ஸ் முதல் கூட்டத்திலேயே குழாய்க்கு உத்தரவு வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கோடைக்குள் ஸ்கின்னர் சந்துக்கு இந்தத் தண்ணீர் வந்துவிடும். எந்தக் கவுன்சிலராலும் முடியாதது ஒன்பது பேரால் முடிந்தது. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் நீட்டுகிற காகிதத்தைப் பார்த்தேன். ஆமாம், ஜூன் மாத அறிக்கை அதுதான். 'தண்ணீர் தெளிவாக இருக்கிறது, குடிக்க ஏற்றது.' கீழே இருப்பது என் கையெழுத்து. காவலன் வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்தவன் ஜேபெஸ். அவன் கேட்டான், போட்டேன். மழை பெய்தால் தண்ணீர் மஞ்சளாக வருவதை நான் பார்த்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அப்போது எஸ்தர் நன்றாகத்தான் இருந்தாள்.

வீட்டிலாவது தண்ணீரைக் காய்ச்சச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். பித்தளைப் பொத்தான் வைத்த காவலன் கோட்டுப் போட்டுக்கொண்டு நல்ல தண்ணீர் என்று கையெழுத்துப் போட்டவன், தன் வீட்டில் காய்ச்சிக் குடித்தால் சந்து என்ன பேசும்? அதனால் கோடை முழுக்க அப்படியே குடித்தோம். எஸ்தருக்கு அந்தப் பம்பை அடிக்க மிகவும் பிடிக்கும். தினமும் முதல் குவளையை நான்தான் பிடித்துக் கொடுப்பேன்.

துரோகம் செய்தவன் ஜேபெஸ். அதை மேலேயே எழுதச் சொல்லுங்கள், என் பெயருக்கு முன்னால்.