ஷாம்பு போத்தல்ல சம்பால்

…அதுக்குன்னு இன்னொரு பிள்ளையோட ஷாம்பு போத்தல எடுத்துத் தலையில ஊத்திக்குவானாக்கா உங்க மவன்? அய்யோ, குத்தம் சொல்லல. மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கேன். ஈப்போலேர்ந்து இந்தக் கோப்பெங் காட்டுக்குள்ள காடிய எப்படி ஓட்டிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல. உக்காருங்க, உக்காருங்க. பெஞ்சு ஈரந்தான், பரவால்ல லா.

நாந்தான் கெர்ட்ரூட். கோலின் அம்மா. அந்தப் போத்தல்ல சம்பால் ஊத்தி அனுப்புனது நாந்தான்… ஆமா, நெத்திலி போட்ட மொளகாச் சம்பால். ஆனா ஒண்ணு, ஷாம்பு வாடையே இல்லாம சுடுதண்ணி ஊத்திக் கழுவிட்டுத்தான் ஊத்துனேன். சுத்தம் எனக்கு முக்கியம். உங்க மிதுலன் தலையில நல்ல சாமான்தான் போயிருக்கு, அத மட்டும் நீங்க நம்பணும்.

பின்ன என்னக்கா செய்யச் சொல்றீங்க? ஸ்கூல் லீவு முகாமாம், வெளிச் சாப்பாடு கொண்டாரக் கூடாதாம். ஏன்னு கேட்டா குரங்கு வருமாம்! குரங்குக்குப் பயந்துக்கிட்டு எம்புள்ள ஒரு வாரம் உப்புச்சப்பில்லாத முட்டக்கோசு திங்கணுமா? அதான்… போத்தல்ல சம்பால். தலகாணி உறைக்குள்ள கருவாடு. டார்ச்லைட்டுல பேட்டரிய எடுத்துட்டு கச்சாங் போட்டேன். வறுத்த கச்சாங், நெலக்கடலக்கா. எவ்வளவு புடிக்குதுங்கிறீங்க!

ஆங்… அதே டார்ச்லைட்டுதான். குளிக்கிற எடத்துல கரண்ட்டு போச்சு, உங்க மவன் அத வாங்கி அமுக்குனான், எரியல. இருட்டுல கைக்குக் கெடச்ச போத்தல எடுத்துட்டான். இதுல எம்மேல என்னக்கா தப்பு? கரண்ட்ட நானா நிறுத்துனேன்?

இந்த முகாமே ஒரு கூத்துக்கா. இது முன்ன ரப்பர் தோட்டம் தெரியுமா? இந்த மாதிரி தோட்டத்துலதான் எங்கம்மா விடியுறதுக்குள்ள எந்திரிச்சு பால் வெட்டப் போவும், வாளியத் தூக்கித் தூக்கித் தோளு ஒரு பக்கமா சாஞ்சே போச்சு. இப்ப அதே வாளிய நம்ம பிள்ளைங்க கையில குடுத்து, இருட்டுல எழுப்பிவிட்டு, 'அனுபவம்'ங்கிறாங்க. எங்கம்மா இருந்திருந்தா சிரிச்சே போயிருக்கும்.

சரி, எங்க விட்டேன்? ஆங், குரங்கு. தனேஸ்வரன் சாரு, அதான் முகாம நடத்துறாரே, போன் பண்ணும்போதே அவருக்கு மூச்சு வாங்குது. "மேடம், மிதுலன் கண்ணு எரிஞ்சு ஆத்துப் பக்கம் ஓடுறான், ஒரு குரங்கு தோள்ல ஏறி உக்காந்து தலைய நக்குது"ங்கிறாரு. நா என்ன கேட்டேன் தெரியுமா? "உப்பு சரியா இருக்காமா?"ன்னு கேட்டுட்டேன். வாயில வந்திருச்சுக்கா! அவரு போன வச்சிட்டாரு.

இப்ப எல்லாம் உங்க கையிலயாம். நீங்க மன்னிச்சிட்டா கோலின் மிச்ச நாளும் இங்க இருக்கலாம். இல்லன்னா இப்பவே நா கூட்டிட்டுப் போயிரணும்.

என்னது, பரவால்லயா? அதெப்படிக்கா பரவால்ல! பிள்ள கண்ணப் பாத்தீங்களா? செவந்துதான் இருக்கு. நல்லாப் பாருங்க லா. நீங்க டீச்சரா? அதான் கோவமே வரல. பேச்சப் பாத்தா யாழ்ப்பாணம் வேற. அந்த ஆளுங்க திட்டுனாக்கூட தாலாட்டு மாதிரிதான் இருக்கும். உங்க எடத்துல நா இருந்தா, "எம்புள்ளய குரங்கு நக்க விட்டியாடி"ன்னு சட்டையப் புடிச்சிருப்பேன். கேளுங்க! வெக்கப்படாதீங்க. நா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

இல்லக்கா, அவன் இருக்கணும்னுதான் எனக்கும் ஆச. வருசம் பூரா இதே பேச்சு, படகு, கூடாரம்னு. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?

காடிய ஏன் பாக்குறீங்க? அது… பின் சீட்டுல துண்டு விரிச்சிருக்கேன். நனஞ்சு வருவான்ல. அந்த டப்பா கோழிப் பெரட்டல். சும்மா லா… போன் வந்த ஒடனே அடுப்புல வச்சிட்டேன். வீட்டுக்காரருகிட்டயும் சொல்லிட்டேன், இன்னிக்கு மூணு தட்டுன்னு. பாஸ்கலு தெலுக் இந்தானுக்கு லோரி ஓட்டுறாரு. வந்தா 'ம்'பாரு. சாப்ட்டா 'ம்'பாரு. கோலின் போனதுலேர்ந்து ஃப்ரிட்ஜு ஒண்ணுதாங்க்கா எங்கூடப் பேசுது. அதும் விட்டு விட்டு.

காலையில, "கோலின், கால்ல கெடக்குற சப்பாத்த நடுவுல கழட்டிப் போடாத"ன்னு கத்துறேன். வாசல்ல சப்பாத்தே இல்ல. எதிர்வீட்டு நாய்தான் பயந்து எந்திரிச்சுப் போச்சு.

வாட்சப்புல படம் போடுறாங்களே, பாத்தீங்களா? எல்லாத்துலயும் சிரிக்கிறான். வாய் நெறைய முட்டக்கோச வச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க்கா! எங்கிட்ட அதத் தொடமாட்டான். அந்த சம்பால்… அவன் தொறக்கவே இல்லயாம். மூடியத் தொறந்ததே உங்க மவன்தானாம்.

எங்க எந்திரிக்கிறீங்க? சார்கிட்டயா? இருங்க, இருங்க. ரெண்டு பேரும் இருக்கட்டும்னு சொல்லிராதீங்க! அக்கா! நா இன்னும் மன்னிப்பே கேக்கல லா! கேக்காம நீங்க எப்படி மன்னிப்பீங்க? ஒரு வார்த்த… ஒரே ஒரு வார்த்த திட்டிட்டுப் போங்க!

சொல்லிட்டீங்களா.

டேய் கோலின்! ஓடாதடா, வழுக்கும்! இங்க… இந்தப் பக்கம் பாரு, அம்மா! ஆ… பாத்துட்டான். கைய ஆட்டுறான் பாருங்க. வரச் சொல்றான், இந்தா வாரேன்டா…

இல்ல. போகச் சொல்றான்.