கிறிஸ்துமஸ் கடையில் ஒரு பால் குக்கர்

செலின்: கையை எடுங்க கஜபதி அண்ணே. நான் உள்ள போகணும்.

கஜபதி: போர்டு இன்னா சொல்லுது டீச்சர்? ‘கிறிஸ்துமஸ் கடை. பிள்ளைகள் மட்டும். பெரியவர்களுக்கு அனுமதி இல்லை.’ நீங்க எழுதுனதுதானே?

செலின்: எழுதினவளையே தடுப்பீங்களா?

கஜபதி: வாட்ச்மேன் வேற இன்னா பண்ணுவான்? நீங்கதான் சொன்னீங்கோ... அம்மா அப்பாவுக்கு இன்னா குடுக்கலாம்னு பசங்களே பாத்து வாங்கட்டும், பெரியவங்க மூக்கை நுழைச்சா காரியம் கெட்டுப்பூடும்னு.

செலின்: சொன்னேன். இப்ப ஒரே நிமிஷம். மூணாவது பெஞ்சுல ஒரு பால் குக்கர்... விசில் வச்சது... பாத்தீங்களா?

கஜபதி: பாத்தேன். நீங்க எடுத்தாந்ததுதானே?

செலின்: மெல்ல பேசுங்க. வீட்டுல சும்மா கிடக்கிற சாமானைக் குடுங்கன்னு குவார்ட்டர்ஸ் முழுக்க நோட்டீஸ் அனுப்பிட்டு, நானே ஒண்ணும் குடுக்கலைன்னா எப்படி? அதான் குடுத்தேன்.

கஜபதி: நல்ல காரியம்தானே. கடைல வர்ற காசுல அஞ்சாங்கிளாஸ் கூரை ஒழுகாம இருந்தா சரி.

செலின்: அதுல பேர் வெட்டியிருக்குண்ணே.

கஜபதி: யார் பேரு?

செலின்: ...நம்ம ஹெட்மிஸ்ட்ரஸ் பேரு. ‘அன்புடன் ஞானம்மாள்.’ போன மே மாசம் என் கல்யாணத்துக்கு அவங்க குடுத்தது.

கஜபதி: ஐயையே. பேரைப் பாக்காமயா குடுத்தீங்க?

செலின்: கல்யாணத்துக்கு வந்தது நாலு பால் குக்கர். எது யார் குடுத்ததுன்னு பாக்காம கைக்கு வந்ததை எடுத்துட்டேன். ராத்திரி மிச்சம் மூணைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. ஜனவரியில என் வேலையை நிரந்தரம் பண்ண அவங்கதான் கையெழுத்துப் போடணும். அவங்க கண்ணுல பட்டா எந்த முகத்தோட நிப்பேன்?

கஜபதி: அது இப்ப உள்ள இல்ல டீச்சர்.

செலின்: இல்லையா?

கஜபதி: கடை தொறந்ததும் மொத வியாபாரமே அதான். ரெண்டாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு வாங்கினு பூட்ச்சு.

செலின்: அப்பாடா. மாதா காப்பாத்தினாங்க.

கஜபதி: அதுக்குள்ள அவங்களுக்கு நன்றி சொல்லாதீங்க. கலர் பேப்பர் சுத்தி ரிப்பன் கட்ட அனுப்பிட்டேன்.

செலின்: எங்க?

கஜபதி: பெரிய டீச்சர் ரூமுக்கு. அவங்களுக்கு அந்த வேலையைக் குடுத்ததே நீங்கதானே?

செலின்: ஐயோ, நானேதான். ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடறேன்.

கஜபதி: தோ, அவங்களே வந்துகினு கீறாங்க.

ஞானம்மாள்: செலின், உன்னைத்தான் தேடினேன்.

செலின்: டீச்சர், மன்னிச்சுடுங்க. நான் வேணும்னு செய்யலை...

ஞானம்மாள்: இரும்மா. கஜபதி, கேட்டுல யாரோ நிக்கிறாங்க. போய்ப் பாரு.

கஜபதி: இங்கருந்தே தெரியுதே... யாரும் இல்ல.

ஞானம்மாள்: போன்னா போ.

கஜபதி: போறேங்க.

ஞானம்மாள்: ...போயிட்டானா? செலின், அந்தக் குக்கரைப் பேப்பர்ல வச்சு உருட்டினேனா, அடியில இருந்த ஸ்டிக்கர் கையோட வந்துடுச்சு.

செலின்: கடையில ஒட்டின ஸ்டிக்கர்தானே டீச்சர்?

ஞானம்மாள்: நான் ஒட்டினது. உனக்குக் குடுக்கும்போது. அதுக்கு அடியில... ‘அன்புடன் கஜபதி’ன்னு இருக்கு.

செலின்: நம்ம வாட்ச்மேன் கஜபதியா?

ஞானம்மாள்: வானகரத்துல எங்க புது வீட்டை ஃபாதர் வந்து மந்திரிச்சப்ப அவன் கொண்டாந்தது. எனக்குப் பாலே ஒத்துக்காது. பூந்தமல்லியில பாத்திரக்கடையில குடுத்து, என் பேரை மேல பெருசா வெட்டி...

செலின்: எனக்குக் குடுத்துட்டீங்க.

ஞானம்மாள்: சிரிக்காத. எனக்கு வெக்கமா இருக்கு. அவன் வாங்குற சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கியிருப்பான். யார் கைக்குப் போயிருந்தாலும் தப்பிச்சிருப்பேன்... வாங்கினது யாரு தெரியுமா? அவன் பொண்ணு தாட்சாயிணி.

செலின்: அவர் பொண்ணா? என்கிட்ட சொல்லவே இல்லையே.

ஞானம்மாள்: அம்மாவுக்காம். உண்டியலை உடைச்சுக் காசு கொண்டாந்திருக்கா. வேற ஏதாச்சும் எடுத்துக்கோன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். நெஞ்சோட கட்டிக்கிட்டு நிக்குது பிள்ளை. வீட்டுக்குப் போனதும் அடியில திருப்பிப் பாப்பாங்களே... அப்புறம் நான் எந்த முகத்தோட இந்தக் கேட்டுல நுழைவேன்?

கஜபதி: கேட்டுல யாருமில்லீங்க.

ஞானம்மாள்: நீ... எப்ப வந்த?

கஜபதி: எங்க போனேன்? தூணுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுகினு இருந்தேன்.

ஞானம்மாள்: அப்ப கேட்டுட்ட. மன்னிச்சுடுப்பா. நீ ஆசையா வாங்கிக் குடுத்ததை நான்...

கஜபதி: வாங்கினாத்தானே.

செலின்: என்னண்ணே சொல்றீங்க?

கஜபதி: அது எங்க கல்யாணத்துக்கு என் மச்சான் ஜம்புலிங்கம் குடுத்தது. பேரு வெட்டாம குடுத்தாரு, எனக்கு வசதியா பூட்ச்சு. அடுப்புல வச்சா போதும், தெருவே எட்டிப் பாக்குற மாதிரி விசிலு. இனிமே இது ஊட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன்னுட்டா என் சம்சாரம். அதான் என் பேரை வெட்டி, பெரிய டீச்சர் ஊட்டுக்குத் தூக்கினு போனேன். காலைல பாப்பா அத்த கைல எடுத்தப்ப உள்ள ஓடிப் போயி புடுங்கலாம்னுதான் பாத்தேன் டீச்சர்... உங்க போர்டு தடுத்துட்ச்சு. இனிமே தெனம் அதுலதான் பால் காச்சணும், புள்ள பக்கத்துல நின்னு விசில எண்ணும்.