றோசாலி அத்தையின் சுண்டு விரல்

மேடையில் அமர்ந்திருக்கும் தோட்டத் தலைவர் தேவதாசன் ஐயா அவர்களே, றோசாலி அத்தையின் குடும்பத்தாரே, மழையையும் பாராமல் வந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, உங்கள் துயரில் நானும் ஒருத்தியாக நிற்கிறேன்.

மாதர் சங்கத் தலைவி றோசாலி அவர்களைப் பற்றிப் பேசவேண்டியவர் என் அம்மா விஜயலெட்சுமி. இருபத்திரண்டு ஆண்டுகள் இருவரும் அடுத்தடுத்த நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். "நான் பேசினா பொறாமைதான் வாயில வரும். நீ போய்ப் பேசு" என்று சொல்லிவிட்டார். அந்தப் பொறாமையைத்தான் பேச வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு, வேலைக்கு முன் நாம் கூடி ஆள்கணக்குக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு விரல்ரேகை மெஷின் வந்தது. காலையில் பெயர் கூப்பிடுவது நின்றது. மலையிலேயே அதிகம் கொழுந்து எடுக்கும் என் அம்மாவை அந்த மெஷினுக்குத் தெரிந்ததா? தெரியவில்லை. கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்த பெருவிரலில் எண்ணெய் பூசினார், தேசிக்காய்ச் சாறு தேய்த்தார். பலனில்லை. மற்றவர்கள் மலையேறியபின் கிளாக்கர் கையால் பெயர் எழுதும்வரை ஓரமாக நிற்க வேண்டியதாயிற்று. றோசாலி அத்தையை மட்டும் தொட்டவுடன் பிடித்தது.

"கொழுந்து எடுக்கிற கைன்னா ரேகை தேயும். தேயலன்னா என்ன அர்த்தம்?" என்றார் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

அத்தை சிரித்தார். "நான் வச்சது சுண்டு விரலு, விஜயா. கொழுந்தத் தொடாத சோம்பேறி அது ஒண்ணுதான். நீயும் அதப் பதிஞ்சிக்க."

"இவ சொல்லி நான் செய்யணுமாக்கும்."

ஓராண்டு செய்யவில்லை. முதல் ஆளாக மலையேறிய அம்மா, காலையில் கொழுந்துக் கூடையைப் பார்த்தாலே எரிந்து விழுந்தார். கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்றார். போயிருந்தால் தம்பியைப் பார்த்துக்கொள்ள என் படிப்பு நின்றிருக்கும்.

அப்போது அத்தை என்ன செய்தார்? தன் விரலை வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார். தினமும் நின்றார். பிந்திப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் கொழுந்தில்லாத நிரையையும் அம்மாவோடு எடுத்தார். கொழும்புப் பேச்சு குறைந்தது, பொறாமை குறையவில்லை. "நல்லவன்னு பேரெடுக்க நிக்கிறா" என்றார் அம்மா. நானும் அதை நம்பி, அத்தையின் மகளோடு பேசாமல் இருந்தேன். நிலுக்ஷி, என்னை மன்னித்துக்கொள்.

பதினைந்து நாட்களுக்கு முன் காய்ச்சல் அத்தையைக் கொண்டுபோனது. அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா சுண்டு விரலைப் பதிந்தார். உடனே பிடித்தது. ஆனால் அவர் நேரே மலைக்குப் போகவில்லை. எந்த விரலும் பிடிக்காத ஆறு பேர் ஓரத்தில் நின்றார்கள். அவர்களோடு போய் நின்றார்.

அந்த ஆறு பேரின் பெயரை முதலில் எழுதும்படி நான் தோட்டத்தை நடத்தும் துரைக்கு மனு எழுதுவேன். அது நடக்கும்வரை அம்மா அங்கே நிற்பார். றோசாலி அவர்களே, இது உங்களுக்கு நாங்கள் தரும் வாக்கு.

"அத்தை மாதிரியே நிக்கிறீங்கம்மா" என்றேன் நேற்று.

"ஆமா. இதுலயும் அவதான் முந்திக்கிட்டா."

அந்தப் பொறாமை இருக்கும்வரை அத்தையின் பணி நிற்காது.