ஷார்ஜாக்காரப் பட்டி

பயப்படாதீங்க அண்ணே, இந்தப் பட்டி குரைக்கும், கடிக்காது. மணம் பிடிச்சுப் பாக்குதாக்கும். காலை இழுக்காதீங்க, இழுத்தா வெளையாட்டுண்ணு நினைக்கும். எலே, அங்க இரிலே! பாத்தீங்களா, இருந்தாச்சு. நீங்க இந்தக் கசேரியில இருங்க, நான் ஃபேனைப் போடுதேன்.

காஞ்சிரங்குளத்தில இருந்துதானே? சோனாவுக்க அப்பன், சுவாமிதாஸ் அண்ணன். எனக்கு எப்படித் தெரியும்ணா கேக்குதீங்க? அடுத்த வீட்டு ஜினுவுக்க அம்மை சர்ச் முழுக்க மைக் இல்லாம அறிவிச்சாச்சே. பெண்ணுக்கு ஸ்கூல்ல வேலை, ஒரே மவ, ரோட்டோரமா வீடுண்ணு. அண்ணையில இருந்து நான் இந்தக் கேட்டைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நம்ம ஊர்ல பெண்ணு குடுக்குதவன் அயல்வீட்ல கேக்காம குடுப்பானா? போதகர்கிட்ட கேட்டா தங்கமான பயண்ணு சொல்லுவாரு. சாயாக்கடையில கேட்டா சிரிப்பான். அயல்வீட்டுக்காரிதான் உள்ளதைச் சொல்லுவா. இல்லாததையும் சொல்லுவா, அது வேற காரியம்.

மாப்பிள்ளைப் பய ஜினு எப்படிண்ணா... குடிக்க மாட்டான். கம்பெனியில நல்ல வேலை. அப்பன் சத்தியராஜ் ஒரு பாவம், வாயில விரலை வச்சாலும் கடிக்காது. சொல்லுதேன், மிச்சமும் சொல்லுதேன். அதுக்கு முன்ன இந்தப் பட்டிக்க கதையைக் கேளுங்க. பட்டிக் கதை கேக்க வரல்லண்ணு எனக்கும் தெரியும் அண்ணே. சும்மா கேட்டா மதி, அது போதும்.

பாக்க நம்ம நாட்டுப்பட்டி போலதான் இரிக்கும். ஆனா இது பிளேன்ல வந்த முதலாளியாக்கும். எனக்க மவ ஷீனா ஷார்ஜாவுல நர்சு. அங்க தெருவில கெடக்குத பட்டியளை எடுத்து வளக்குத இடம் ஒண்ணு உண்டாம், வெள்ளைக்கார மதாம்மமாரு நடத்துதாவ. அங்கேந்து இதைக் கேட்டு வாங்கி, ஊசியும் பேப்பரும் கூடும் எல்லாம் சரியாக்கி, லீவுக்கு வந்தப்பம் கூடவே கொண்டு வந்தா. சென்னையில எறங்கி, அங்கேந்து வண்டி பிடிச்சு. எடீ, பாறசாலையில பட்டிக்குப் பஞ்சமாண்ணு கேட்டு நான் வாய் வலிக்க ஏசினேன். அவ இதுக்க தலையைத் தடவிக்கிட்டு, அம்மா, இதை நல்லா நோக்கிக்கோண்ணு மட்டும் சொன்னா. லீவும் தீந்து போனா.

மொதல்ல நான் பட்ட பாடு! மழைண்ணா என்னண்ணு இதுக்குத் தெரியாது. எடவப்பாதி மழை ஓட்டுமேல விழுந்த சத்தத்தில கட்டிலுக்கு அடியில போயி மோண்டு வச்சுது. கோழியைக் கண்டா நடுங்கும். மரத்தில இருந்து சக்கைப்பழம் விழுந்தா அலமாரிக்குப் பின்னால. மவ வாங்கி வச்சிட்டுப் போன பாக்கெட் தீனியை மணத்திட்டுத் திரும்பிப் படுக்கும். செத்துப் போகுமோண்ணு பயந்து, ஒரு நாளு கிழங்கில சாளைமீன் கறியை ஊத்திப் பிசைஞ்சு வச்சேன். தட்டை நக்கின நக்கில தட்டுக்க பூவே போச்சு. மணல்காட்டுப் பட்டிக்குச் சாளைக்கறி எப்படிப் பழகிச்சுண்ணு அப்பவே எனக்கு ஒரு இது.

பெறவு பேச்சு. அந்த மதாம்ம இங்கிலீஷ்ல சொல்லிப் பாத்தாளாம், காவல்காரன் அறபியில சொல்லிப் பாத்தானாம், ஒண்ணும் கேக்காதாம். மக்குப் பட்டிண்ணு எழுதியே தள்ளியாச்சு. இங்க ஒரு நாளு அடுக்களையில ஏறி மீன்சட்டியில தலையை விட்டுது. எனக்கு வந்த கோவத்தில, எலே, அங்க இரிலேண்ணு ஒரு அலறு அலறினேன். குண்டியை ஊணி இருந்தாச்சு அண்ணே! அப்பளாக்கும் எனக்கு உறைச்சுது. இதை வளத்தவன் அறபியும் இல்ல, வெள்ளைக்காரச் சாயிப்பும் இல்ல. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் எடையில பொறந்த எவனோ ஒருத்தன்.

இன்னொண்ணு கேளுங்க. ரோட்டில வெள்ளைக் காரு போனா பின்னால ஓடும். முக்குவரை ஓடி, வண்டி மறைஞ்ச பெறவும் அங்கயே இருக்கும். நான் போயி கூட்டிட்டு வரணும். மணல்காட்டு ரோட்டில ஒரு காருல கொண்டு போயி இதை எறக்கி விட்டிருக்கான் அந்தப் பாவி. மதாம்மமாரு எடுக்கப் போனப்பவும் அந்தத் தீ வெயில்ல, தண்ணியைக்கூட நோக்காம, ரோட்டைப் பாத்துக்கிட்டுதான் இருந்துதாம். ஷீனா போன்ல இதைச் சொன்னப்பம் நான் அவனைச் சபிச்சேன். சர்ச்சில முட்டுகுத்தி நின்னு, ஜெபத்துக்கு எடையிலயும் சபிச்சேன். ஆளு யாருண்ணு அப்பம் தெரியாது.

அப்பளாக்கும் ஜினு லீவில வந்தான். ஆமா, அவனும் ஷார்ஜாதான். நான் இங்க துணி காயப்போடுதேன், மதிலுக்கு அந்தப் பக்கம் அவனுக்க சத்தம், போன்ல யாருகிட்டயோ சிரிச்சிக்கிட்டு. இது காதைத் தூக்கிச்சு. எனக்க கர்த்தாவே, மதிலைத் தாண்டி ஒரே சாட்டம்! அவனுக்க மேல ஏறி, நக்கி, உருண்டு, கரைஞ்சு... செத்த வீட்லகூட அப்படி ஒரு கரைச்சல் நான் கேட்டதில்ல. அவன் வாயில மொதல்ல என்ன வந்துது தெரியுமா? கைசரே, எறங்குலே! நாங்க இதைச் சாண்டிண்ணுதான் விளிக்கோம். கைசர்ண்ணு இந்த ஊர்ல ஒரு மனுஷன் இதை விளிச்சதில்ல. சொன்ன பெறவுதான் அவன் என்னைக் கண்டான். முகம் வெளிறிப் போச்சு. யாருக்க பட்டி மாமி இது, பிடிச்சுக் கெட்டுங்கண்ணு சொல்லி, செருப்புக் காலால ஒரு சவிட்டு. பேதுரு கர்த்தரை மறுதலிச்சிட்டு வெளிய போயாவது அழுதாரு. இவன் போனைத் திரும்பக் காதில வச்சு, சிரிப்பை நிறுத்தின இடத்தில இருந்து தொடங்கினான்.

அண்ணையில இருந்து நான் இதைக் கெட்டுததில்ல. விடிஞ்சா அவனுக்க வீட்டு வாசல்ல போயி இருக்கும், இருக்கட்டுண்ணு விட்டேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் கூட்டிட்டுப் போறேன். ஆராதனை கழிஞ்சு எல்லாரும் சர்ச்சு முற்றத்தில நிக்கும்பம் சங்கிலியை விடுவேன். நேரே அவனுக்க காலுக்கு ஓடும். எலே ஜினு, உன்மேல இதுக்கு என்ன ஸ்நேகம்லே, முன்ன எங்கயாவது கண்டதுண்டாண்ணு நாலுபேரு கேக்க சிரிச்சிக்கிட்டே கேப்பேன். அவனுக்க சட்டை வேர்த்து ஒட்டும். அதைக் காணும்பம் எனக்கு ஒரு குளிர்ச்சி அண்ணே. ஆண்டவரு மன்னிக்கட்டு. மன்னிக்கல்லண்ணாலும் சாரமில்ல. இப்பம் அவன் வயல் வழியா வளஞ்சாக்கும் சர்ச்சுக்கு வாறது. இந்த மண்டன் பட்டிதான், எத்தனை சவிட்டு வாங்கினாலும் திரும்ப வாலாட்டிக்கிட்டே போவுது. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல.

என்ன அண்ணே, சிரிக்குதீங்க? பட்டிக் காரியம்தானேண்ணா? கல்ஃப்ல எத்தனை பேரு இப்படி விட்டிட்டு வாறாவ, அதுக்காக ஒரு நல்ல சம்மந்தத்தை வேண்டாம்ணு வைப்பாங்களாண்ணா? அதுவும் ஞாயம்தான். பட்டியை விட்டவன் பெண்ணை விடுவான்ணு எங்கயும் எழுதி வைக்கல்ல.

போறீங்களா? நான் தடுக்கல்ல. அங்க கோழி அறுத்து வச்சுக் காத்திட்டு இருப்பாவ. எனக்கும் இதோட நிறுத்தணும்ணுதான் கட்டளை. அம்மா, பட்டிக்க காரியத்தை உனக்க இஷ்டம்போல சொல்லு, எனக்க பேரு மட்டும் வெளிய வரப்படாதுண்ணு மவ எல்லாத்தையும் சொன்ன அண்ணைக்கே கரைஞ்சு சத்தியம் வாங்கியிருக்கா. பாம்பும் சாகணும், கம்பும் ஒடியப்படாதுண்ணுதான் நானும் பாத்தேன். நீங்க சிரிச்சிட்டீங்க. இனி ஒடிஞ்சா ஒடியட்டு.

இதைக் கொண்டு விட்டானே, அண்ணைக்கு அந்தக் காருல எனக்க மவளும் இருந்தா அண்ணே. முன்சீட்டில. இதை மடியில வச்சுக்கிட்டு. அடுத்த லீவில ஊருக்குப் போயி உனக்க அம்மைகிட்ட கேக்குதேண்ணு சொல்லிச் சொல்லியே அவளைக் கொண்டு நடந்தான். அண்ணைக்கும் அதைத்தான் சொன்னான். அவளை ஹாஸ்டல் வாசல்ல எறக்கினான். பட்டிக்கு ஊசி போடணும்ணு சொல்லி வண்டியைத் திருப்பினான். இதை மணல்ல எறக்கினான். அப்பவே இங்க அவனுக்க வீட்ல உங்க சோனாவைக் கேக்கப் பேச்சு தொடங்கியாச்சுல்லா. பட்டிக்குப் போன் இல்ல, அது ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்துது. எனக்க பிள்ளைக்குப் போன் உண்டு, அவ அதைப் பாத்துக்கிட்டு இருந்தா. பெறவு மதாம்மமாரு போட்ட ஃபோட்டோவில இதைக் கண்டு ஓடிப்போயி எடுத்தா. ரெண்டுல ஒண்ணாவது வீடு சேரட்டுண்ணு எனக்குக் கொண்டு வந்து தந்தா.

அழவெல்லாம் செய்யல்ல அண்ணே, எனக்க கண்ணு எப்பவும் இப்படித்தான். சோனாவைக் குடுக்குததும் குடுக்காததும் உங்க இஷ்டம். அங்க போனதும் ஜினு கேப்பான், அயல்வீட்ல என்ன சொன்னாவண்ணு. ஒண்ணும் ஒளிக்க வேண்டாம். சுகிர்தபாய் சொன்னா, ஷீனாவுக்க அம்மை சொன்னாண்ணு பேரைச் சொல்லியே சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க அண்ணே, எனக்கு இங்க கேக்கணும்.