நாய்க்கு வைத்த பெயர்

— இல்லப்பா, குரல் நல்லாத்தான் இருக்கு. குரல்ல ஒண்ணும் இல்ல. பேருலதான்.

— எந்தப் பேருல?

— நாயோட பேருல. நம்ம கம்டுங்கி.

— அதுக்கென்ன? நீ செஞ்ச கேம் வெளிய வந்து நாலு நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள இந்த வார்டுல எல்லாப் பயலுக்கும் தெரியும். பக்கத்துக் கட்டில் பாங் இருக்கானே, அவன் பேரன் போன்ல காட்டினான். "கம்டுங்கி, வாடா"ன்னு எங்குரல். பாங்குக்கு வயித்தெரிச்சல் தாங்கல. இரு, மூச்சு வாங்கிக்கிறேன்.

— மெதுவாப்பா. குழாய் சரியா இருக்கா?

— அதெல்லாம் இருக்கு. நீ விஷயத்தச் சொல்லு. வேல நாள்ல இந்தத் தேபெக் ஆஸ்பத்திரி வரைக்கும் சும்மா வர மாட்ட.

— ஒரு கடுதாசி வந்திருக்கு. தோங்துச்சோன் ஊர்லருந்து. பொண்ணு பேரு தான்பி, பத்தொம்பது வயசு. அம்மா நம்ம ஆளு. அப்பா அமெரிக்கப் பட்டாளத்துல இருந்தவரு, கறுப்பினத்துக்காரரு.

— ம்.

— படிக்கிறேன், கேளுங்க. "சுரங்கத்துல வேல பாக்குற அப்பாவுக்குச் சோத்து டப்பா கொண்டுபோற கத. எனக்கு ரொம்பப் பிடிச்சுது. வழி தவறினதும் நாயக் கூப்பிடுற பட்டன அமுக்கினேன். ஒரு அப்பா குரல் கேட்டுச்சு. பள்ளிக்கூடத்துல என்னைக் கூப்பிட்ட அதே வார்த்தையச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. நாய் வாலாட்டிக்கிட்டு ஓடிச்சு. நான் மூடி வச்சுட்டேன்."

— கம்டுங்கின்னா கரியன், அவ்வளவுதான? நம்ம மலையில கறுப்பு நாய்னா வீட்டுக்கு வீடு அதான பேரு.

— எனக்கும் மொதல்ல அதுதான் வாயில வந்துச்சு. என்கூட வேல பாக்குற தோயோல், இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவன் மேல பழியப் போட்டுடலாம்னான். அவ நம்ம பாஷையிலதான்டா வெளையாடியிருக்கா, நம்ம பாஷையிலதான் எழுதியிருக்கான்னேன்.

— நீ என்ன பதில் எழுதின?

— நாலு தடவ எழுதினேன். கெட்ட எண்ணம் இல்லன்னு ஆரம்பிச்சேன். எங்க வீட்டு நாயோட பேருன்னேன். எங்கப்பா நுரையீரல்ல கரி அடைச்சுக் கெடக்குறாருன்னுகூட எழுதினேன். படிச்சுப் பாத்தா நாலுலயும் நான்தான் பாவமா நிக்கிறேன். அவ எங்கயுமே இல்ல. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.

— இப்ப என்ன எழுதப் போற?

— "நீங்க சொன்னது சரி. பேர மாத்துறோம்." அவ்வளவுதான். ஆனா அத எழுதணும்னா மொதல்ல மாத்தணும்ல? எழுத்துல மாத்துறது அரை நாள் வேல. உங்க குரல்ல நாப்பத்தெட்டு எடத்துல வருது. பதினோரு நாள் எடுத்தோம். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவைக்கு மேல உங்களால கூப்பிட முடியல. அத மறுபடி கேக்க எனக்கு மனசு வரல. கேக்கலன்னா உங்க குரலையே எடுத்துட்டு வேற ஆளப் போடணும். அதுக்கும் மனசு வரல. ரெண்டு நாளா சோறு எறங்கலப்பா.

— இதுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சுக்கிட்டு வந்த?

— கோவம் இல்லையா?

— எதுக்குக் கோவம்? மெஷின் கொண்டாந்தியா?

— எந்த மெஷினு?

— குரல் புடிக்கிற மெஷினுடி.

— பையிலதான் இருக்கு. வெளிய எடுக்கவே பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— எடு. டிவிய அணைக்கச் சொல்லு. பாங்க கொஞ்ச நேரம் வெளிய அனுப்பு, அவன் இருமினா எல்லாம் பாழு. ஒரு நாளைக்கு மூணுதான் வரும். பரவால்லல்ல?

— பரவால்லப்பா. ஒண்ணு வந்தாலும் போதும். அப்பாடான்னு இருக்கு எனக்கு. ஆனா புதுப்பேரு இன்னும் முடிவு பண்ணலயே.

— போக்சில்.

— போக்சிலா? அது அம்மா நம்ம நாயக் கூப்பிட்ட பேருல்ல?

— அதேதான்.

— ஆமா, அம்மா ஒரு நாளும் கம்டுங்கின்னு கூப்பிட்டதில்ல. எந்தப் பேரச் சொன்னாலும் அது ஓடி வரும். அம்மாவுக்கு ஏன்ப்பா அந்தப் பேரு பிடிக்கல?

— வீட்டுக்குள்ள அந்த வார்த்த வரக் கூடாதுன்னா. நாய்க்கே ஆனாலும் வேணாம்னா. என்கூட ஒரு மாசம் மொகம் கொடுத்துப் பேசல.

— எனக்கு யாரும் சொல்லவே இல்லையே.

— நீ மறந்துட்ட. மறந்தது அப்படியே போவட்டும்னு நாங்க விட்டுட்டோம். முப்பத்தஞ்சு வருஷமா கரியோட சேந்து அதுவும் நெஞ்சுல கெடந்துச்சு. யாரோ ஒரு பொண்ணு வந்து எடுத்துப் போட்டுட்டா. நல்லா இருக்கட்டும் அவ.

— நான் என்னத்த மறந்தேன்?

— நீ டவுன் பள்ளிக்கூடத்துல சேந்த மொத வாரம். சுரங்கக் குடியிருப்புலருந்து போனது நீ ஒருத்திதான். காத்துல கரி, துணியில கரி, உங்கம்மா எவ்வளவு தேச்சாலும் கழுத்து மடிப்புல கொஞ்சம் நிக்கும். அந்தப் பசங்க உனக்குக் கம்டுங்கின்னு பேரு வச்சானுங்க. நீ அழுதுகிட்டே வந்த. மறுநாள் சந்தைக்குப் போயி ஒரு குட்டி வாங்கியாந்தேன். கறுப்பாப் பாத்து.

— அப்பா.

— அந்தப் பேர அதுக்கு வச்சேன். தெனமும் உன்கூடப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் அனுப்பினேன். அவனுங்க கூப்பிடுறப்ப நீ திரும்பிப் பாக்கக் கூடாது, மிரான். நாய் திரும்பிப் பாக்கணும்.