வானகரம் பங்களாவின் ஃபில்டர்

பூந்தமல்லி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நான் ஒரு நீச்சல் குளத்தையே தெளிய வெச்சிட்டேன்க்கா" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"இன்னாடி சொல்றே?"

"எங்க ஊட்டுக்காரருக்குக் கால் ஒடஞ்சி கீதுல்ல? அவரு நீச்சல் குளத்தைப் பாத்துக்கற வானகரம் பங்களாவுல குளத்துத் தண்ணி பச்சையாயிடுச்சி. வேற ஆளை வெச்சிடப் போறாங்கன்னு நானே போனேன். ஃபில்டர் மணல்ல அழுக்கு அடைச்சிகினு இருந்துச்சி. அவரு சொன்னாப்பல மோட்டாரை நிறுத்தி, தண்ணி மணல்ல தலைகீழா ஓடறாப்பல ஃபில்டர் கைப்பிடியைத் திருப்பி, மறுபடி மோட்டாரைப் போட்டேன். அழுக்கெல்லாம் டீ மாதிரி வெளிய ஊத்திச்சி."

"பயமா இல்லியா?"

"இருந்துச்சிதான். ஆனா இன்னிக்கு அடியில டைல்ஸ் தெரியுதுக்கா! கால் சரியாவற வரைக்கும் நீயே வான்னுட்டாங்க முதலாளியம்மா."

"அவரு இன்னா சொன்னாரு?"

"அவரா? கால் எப்டி கீதுன்னு யாரு கேட்டு வந்தாலும், நான் ஃபில்டர் கழுவுன கதையைத்தான் சொல்லிகினு கீறாரு."