மல்லாட்டை பர்கர்

அதுவாங்க? போர்டுல கீது, ஆனா இப்போ போடறதில்லீங்க. மல்லாட்டைன்னா இன்னாவா? வேர்க்கடலைங்க. எங்க ஆரணிப் பக்கம் அப்பிடித்தான் சொல்லுவோம். உக்காருங்க, போளூர் வண்டி வர நேரம் கீது.

அது என் வீட்டுக்காரி தீபா போட்ட ஐட்டம். தேவிகாபுரத்துல அவங்க அப்பாவுக்கு மல்லாட்டை வெள்ளாமை. எல்லாரும் சிக்கன் பர்கரே வித்துகினு கீறாங்க, நாம வேற ஒண்ணு போடலாம்யான்னா. வேகவெச்ச மல்லாட்டையை மசிச்சி, பச்சமொளகா, புதினா போட்டுத் தட்டி, கல்லுல முறுகலா எடுத்து பன்னுக்குள்ள வெப்பா. மொத நாள் நான் நாலு துன்னேங்க. சத்தியமா, அப்பிடி இருந்துச்சு.

ஜனங்கதான் வாங்கல. மல்லாட்டையை பன்னுல வெச்சித் துன்றதான்னு சிரிச்சானுங்க. அவ விடல. சட்னியை மாத்தனா, சீஸ் வெச்சா. அப்புறம் வாங்கனவங்களும் பாதியில வெச்சிட்டு எழுந்து போனாங்க. பட்டுக் கடையில வேலை செய்யற இனியான்னு ஒரு பொண்ணு, தெனம் வர்றது, அதுதான் வாய் தொறந்து சொல்லுச்சு. அக்கா, சிக்கு வாடை அடிக்குதுக்கா, முழுங்க முடியலன்னு.

தீபா பன்னைப் பிரிச்சி மோந்து பாத்தா. திரும்பத் திரும்ப மோந்தா. எங்க வாடை, நல்லாதானே கீதுன்றா. நான் வாங்கி மூக்குகிட்ட வெச்சேன். குப்புனு அடிச்சிதுங்க, பழைய எண்ணெ மாரி. விக்காம கெடந்த கொட்டை கெட்டுப்போய்கீது. அதே நேரம் அடுப்புல மசாலா தீஞ்சிகினு கீது. பக்கத்துலயே நிக்கிறா, அதுவும் தெரியல. யோவ், எனுக்கு ஒண்ணுமே தெரிலயேயான்னு என் கையைப் புடிச்சிகினா.

மறுநாளே வேலூருக்கு இட்டுகினு போனேன். தலைக்குள்ள கட்டியாம். அதான் வாசனை தெரியாம பண்ணிட்டுகீது. நான் ஆடிப்போய்ட்டேன். அவ இன்னா பண்ணா தெரியுங்களா? சிரிச்சா. அப்போ என் கைப்பக்குவத்துல தப்பில்ல, இந்த பேஜார் புடிச்ச மூக்குதான்யா கெடுத்துச்சுன்னா. ஆபரேசன் ஆவட்டும், புதுக் கொட்டையா போட்டு செய்யலாம், அப்பாவுக்கு போன் போடுன்னா. போட்டேன். அந்த மனுசன் புதுசா புடுங்குன மல்லாட்டையை மூட்டை கட்டிகினு நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாரு. உள்ள எடுத்துகினு போவக் கூடாதுன்னு வாச்மேன் சொன்னதுக்கு, எம்பொண்ணு கேட்டுதுப்பான்னு கெஞ்சிகினு நின்னாரு.

இப்போவாங்க? இல்லீங்க. ஆபரேசன் முடிஞ்சி அவ கண்ணே தொறக்கல. ஆம்புலன்ஸ்ல அவ ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம், நடுவுல அவங்க அப்பா. ஊரு வர்ற வரைக்கும் ரெண்டு மேலயும் கைய வெச்சிகினே வந்தாரு.

அய்யோ, நீங்க எதுக்குங்க எழுந்துட்டீங்க. உக்காருங்க, ஃப்ரைட் ரைஸ் ஜல்தியா போட்டுடறேன். முட்டை சேத்துக்குவீங்கல்ல?